சியாச்சின்ல பார்த்த வேலையும் டெல்லி எடுத்த முடிவும்

ஆர்மி சப்ளைல இருந்தப்போ லடாக்ல இருக்கிற சியாச்சின் பனியாத்தோட பேஸ் கேம்ப்ல எனக்கு போஸ்டிங். மேல இருக்கிற போஸ்ட்டுகளுக்கு ஹெலிகாப்டர்ல போற சாமானை எடை போட்டு ஏத்தி விடுறதுதான் வேலை. அவ்வளவு உயரத்துல காத்து மெல்லிசு, சீட்டா ஹெலிகாப்டர் கொஞ்சம் வெயிட்தான் தூக்கும், ஒரு ஜெரிகேன் மண்ணெண்ணெய் கூடுதலா இருந்தா பைலட் இறக்கச் சொல்லிடுவார், அந்த ஒரு கேன் இல்லாம மேல எவனோ குளிர்ல கிடப்பான்னு தெரிஞ்சேதான் இறக்குவோம். கீழ வர்ற பசங்க துப்பினா கறுப்பா வரும், எல்லாம் மண்ணெண்ணெய் அடுப்புப் புகை.

இந்த இடம் இந்தியாவோடதா பாகிஸ்தானோடதான்னு எந்த ஒப்பந்தமும் தெளிவா சொல்லல. 1949 கராச்சி ஒப்பந்தமும் சரி, 1972 சிம்லா ஒப்பந்தத்துக்கு அப்புறம் போட்ட எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடும் சரி, என்ஜே 9842ங்கற புள்ளியோட நின்னுடுச்சு, அதுக்கு மேல வடக்கே பனியாறுகள் வரைக்கும்னு எழுதினதோட சரி. 1984 ஏப்ரல் 13ல ஆபரேஷன் மேகதூத்னு நம்ம ஆர்மி ஏறிப் போய் பிலாஃபோண்ட் லா, சியா லா கணவாய்களைப் புடிச்சுது. அதுக்கப்புறம் பனியாத்துக்கு மேற்கே இருக்கிற சால்ட்டோரோ முகடுல நிக்கிறதே நாட்டோட கொள்கைன்னு ஆயிடுச்சு.

ரெண்டு நாட்டு ஆர்மியும் பின்வாங்கலாம்னு 1989லயும் 1992லயும் பேச்சு ரொம்ப பக்கத்துல வந்துச்சு. 2005ல மன்மோகன் சிங்கே சியாச்சினுக்கு வந்து இதை அமைதி மலையா ஆக்கணும்னு சொன்னார். ஆனா இப்போ யார் எங்க நிக்கிறாங்கன்னு முதல்ல மேப்ல கையெழுத்துப் போடுங்க, அப்புறம் இறங்குறோம்னு ஆர்மி உறுதியா நின்னுச்சு, தளபதி ஜே.ஜே. சிங் இதை வெளிப்படையாவே சொன்னார். 2006ல அமைச்சரவை பாதுகாப்புக் குழுவுல அவரும் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணனும் எதிர்த்ததாலதான் ஒப்பந்தம் நின்னு போச்சுன்னு அப்போ வெளியுறவுச் செயலரா இருந்த ஷியாம் சரண் பிற்பாடு எழுதினார். பாகிஸ்தானும் கையெழுத்துக்கு வரல, போட்டா முகடு இந்தியா கையில இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே.

ஆர்மியோட பயம் கற்பனை இல்லங்க. 1999 பிப்ரவரில வாஜ்பாய் பஸ்ல லாகூர் போய் கைகுலுக்கினார், அதே சமயத்துல பாகிஸ்தான் தளபதி முஷாரஃபோட ஆர்மி கார்கில்ல ஏறிக்கிட்டு இருந்துச்சு. பாகிஸ்தான்ல ஆர்மி வச்சதுதான் சட்டம், அப்படிப்பட்டவங்களோட வெறும் வாய்ச்சொல்லை நம்பி இறங்கினா திரும்ப ஏறுறது எவ்வளவு கஷ்டம்னு சியாச்சின்ல மூட்டை தூக்கினவங்களுக்குத் தெரியும். நானும் கையெழுத்து வேணும்ங்கற கட்சிதான்.

ஆனா ஒண்ணு. 2003 நவம்பர்ல போர்நிறுத்தம் வந்து துப்பாக்கிச் சத்தம் நின்னு போச்சு, சாவு நிக்கல. 2012ல கயாரில பனிச்சரிவு பாகிஸ்தான் பக்கம் 140 பேரை மூடுச்சு. 2016 பிப்ரவரில சோனம் போஸ்ட்ல 19 மெட்ராஸ்ங்கற பட்டாலியன் ஆளுங்க 10 பேர் போனாங்க, நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் அதுல. 2020 கல்வான் மோதலுக்கு அப்புறம் சீனாவையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கு, 1963லயே பக்கத்து ஷக்ஸ்காம் பள்ளத்தாக்கை பாகிஸ்தான் அவங்களுக்குக் கொடுத்தாச்சு, அதனால இப்போ இறங்குறதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. தளபதி ஆபத்து என்னன்னு சொல்லட்டும், அது அவர் கடமை. அந்த ஆபத்தை ஏத்துக்கலாமா வேண்டாமான்னு ஓட்டு வாங்கி வந்தவங்க பார்லிமெண்ட்ல நம்ம முன்னாடி பேசி முடிவு பண்ணணும்.