சலான் எழுதுகிறவன்: 2025 ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 2, 2025, புதன், கும்பகோணம்

நேற்று வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் என்பதால், இன்று காலை பத்தரை மணிக்குக் கிளைக்குப் போனேன். இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, வைப்புத்தொகை வட்டியில் வரி பிடிக்காதிருக்க ஒவ்வோர் ஏப்ரலிலும் கொடுக்க வேண்டிய 15எச் படிவம். மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் வரி பிடிப்பார்கள் என்று வரம்பு நேற்றிலிருந்து உயர்ந்திருக்கிறது. ஐம்பதாயிரமாக இருந்தபோது பழகிய பழக்கத்தை விட மனமில்லாமல் படிவத்தை எழுதிக்கொண்டு போனேன். மற்றொன்று, மாதச் செலவுக்கு எட்டாயிரம் ரூபாய் எடுப்பது.

முகப்பில் இருந்த பெண், "ஐயா, பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் ஏடிஎம்மிலேயே எடுத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டார். குரலில் மரியாதைக் குறைவு இல்லை. அவருக்கு மேலிடத்தில் சொல்லியிருப்பார்கள். அப்படி எழுத்தில் ஏதாவது விதி இருக்கிறதா என்று நான் கேட்டதும் சிரித்துவிட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டார். முதியவர்களுக்குத் தனி முகப்போ முன்னுரிமையோ தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இந்தக் கிளையிலும் அதற்கான பலகை தொங்குகிறது. அதன் கீழே இருக்கும் நாற்காலியில்தான் ஆள் இல்லை.

பணம் எடுக்கும் படிவத்தின் பின்புறத்தில், எந்தத் தாள் எத்தனை வேண்டும் என்று எழுதியிருந்தேன்: ஐந்நூறு 10, நூறு 20, ஐம்பது 10, இருபது 15, பத்து 20. கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியவனுக்கு இந்தப் பட்டியல் கை தானாகப் போடுவது. ஏடிஎம்மில் எடுத்தால் ஐந்நூறு ஐந்நூறாகத்தான் வருகிறது, அதைக் கொண்டுபோய் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்க முடியுமா?

வீட்டுக்கு வந்து பால், மளிகை, மருந்து, மின்சாரம், மொய் என்று ஐந்து பழைய உறைகளில் பிரித்து வைத்தேன். இருபதாம் தேதி வாக்கில் மளிகை உறையைத் தொட்டால் மெலிந்திருப்பது விரலுக்கே தெரியும். என் மகன் தன் கைப்பேசியில் செலவுக் கணக்கை வண்ணப் படமாகக் காட்டுகிறான். ஆனால் மாதக் கடைசியில் பணம் எங்கே போனதென்று என்னிடம்தான் கேட்கிறான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாசலுக்கு வரும் கீரைக்கார அம்மாவின் கூடையில் போன ஆண்டிலிருந்து ஒரு க்யூஆர் அட்டை தொங்குகிறது. எதிர் வீட்டுப் பிள்ளை இன்று அதில் நாற்பது ரூபாய் செலுத்தினான். அவன் உள்ளே போன பிறகு அந்த அம்மா என்னிடம் மெல்ல, "நீங்க காசாவே குடுங்க சாமி, அது எம் மவன் கணக்குக்குப் போவுது" என்றார். விடியற்காலையில் எழுந்து, கீரை பறிக்கும் இடத்துக்கு நடந்து, தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்பவர் அவர். பணம் விழுவது மகனுடைய கைப்பேசியில். அவன் கெட்டவன் இல்லையாம். கேட்டால் தருவானாம். கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அவருக்குக் குறை.

இந்த மின்னணு முறையால் ஏழைகளுக்கும் வங்கிக் கணக்கு வந்தது என்று எழுதுகிறவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு யார் பெயரில், எந்த எண்ணில், யாருடைய கைப்பேசியில் இருக்கிறது என்பதைக் கூடையருகே நின்று பார்த்தால்தான் தெரிகிறது. நான் கொடுத்த இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை அவர் கண்ணில் ஒற்றிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 12, சனி

நாளை மறுநாள் சித்திரைப் பிறப்பு. வெல்லம், மாங்காய், உலர்ந்த வேப்பம்பூ வாங்க நண்பகலில் மளிகைக் கடைக்குப் போனேன். கடையில் பத்துப் பதினைந்து பேர் கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். முதலில் அந்தக் கடையில்தான் இணையம் வரவில்லை என்று நினைத்தோம். பிறகுதான் நாடு முழுவதும் யுபிஐ தடைபட்டிருப்பது தெரிந்தது. மார்ச் 26ஆம் தேதியும் இதே போல நடந்தது. 2016இல் தொடங்கிய இந்த முறையில் சென்ற மார்ச் மாதம் மட்டும் 1,800 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்திருக்கின்றன. அவ்வளவு சுமையைத் தாங்குகிற ஒன்று எப்போதாவது தடுக்கி விழுவதைப் பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை. அது விழும்போது பிடித்துக்கொள்ள வேறொன்று கையில் இருக்க வேண்டாமா என்பதே என் கேள்வி. இன்று இரண்டாம் சனி, நாளை ஞாயிறு, மறுநாள் புத்தாண்டு என்று வங்கிக்கும் தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை. என் பக்கத்து நியாயத்திலும் ஓட்டை உண்டு என்று இதைக் குறித்து வைக்கிறேன்.

இரண்டு பை நிறையச் சாமான் எடுத்துவிட்ட ஓர் இளைஞர், திரையில் வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து தூசி படிந்த பற்று நோட்டை எடுத்து, "பேரு சொல்லுங்க தம்பி, அப்புறமா குடுங்க" என்று எழுதிக்கொண்டார். பெயர் தெரியாத வாடிக்கையாளருக்குக் கடன் எழுதும் மனம் அந்தக் கடையில் இன்னும் இருக்கிறது.

நான் அறுநூற்று எண்பது ரூபாய்க்கு எழுநூறாகக் கொடுத்தேன். மீதி இருபதுக்குக் கடையில் சில்லறை இல்லை. யாரும் தாள் கொண்டுவராத கடையில் சில்லறை எங்கிருந்து சேரும்? ஒரு சீரகப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன.

ஏப்ரல் 16, புதன்

என் மனைவி பட்டுப் புடவைகளை வெயிலில் உலர்த்த எடுத்தபோது ஒரு மடிப்புக்குள் இரண்டாயிரம் ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது. எப்போது, எதற்காக வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. 2023 மே 19 அன்று அந்தத் தாளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, வங்கிகளில் மாற்ற அக்டோபர் 7 வரை தவணை தந்தார்கள். சட்டப்படி அது இன்றும் செல்லும். ஆனால் எந்தக் கடையில் வாங்குவார்கள்? சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், அல்லது அஞ்சல் மூலம் அனுப்ப வேண்டும்.

தாளை நம்புகிறவன் இதையும் எழுதத்தான் வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று கேட்டபோது, என் மேசை இழுப்பறையில் மகள் வீட்டு வளைகாப்புக்கு எடுத்து வைத்திருந்த பணம் இருந்தது. அதை மாற்ற மூன்று நாள் வரிசையில் நின்றேன். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஓர் இரவில் போனதால்தான் நாடு கைப்பேசிக்கு மாறியது என்பார்கள். ஆனாலும் இன்று புழக்கத்தில் உள்ள தாள்களின் மொத்த மதிப்பு அன்றைக்கு இருந்ததைப் போல இரு மடங்கு. எனவே இழுப்பறையில் பணம் வைத்திருப்பவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

இன்று நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

பாஸ்புக்கில் வரவு பதிய வங்கிக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் தனியாக வசிக்கும், அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் எனக்கு முன்னால் முகப்பில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தும் பேசவில்லை. ஆறு லட்சம் ரூபாய் நிரந்தர வைப்பை முறித்து, பெரிய தொகையை உடனே அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறையில் வேறொரு கணக்குக்கு அனுப்பப் படிவம் நீட்டினார். அவர் கைப்பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே கைப்பேசித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அன்று எனக்குப் பணம் எண்ணிக் கொடுத்த அதே பெண்தான் இருந்தார். படிவத்தைப் பார்த்தார், பெறுபவர் என்று எழுதியிருந்த, வடமாநிலக் கிளை ஒன்றில் கணக்கு வைத்திருந்த ஏதோ ஒரு வியாபார நிறுவனத்தின் பெயரைப் பார்த்தார், அம்மையாரின் நடுங்கும் கையைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் ஒரு துண்டுச் சீட்டில் எதையோ எழுதி அவர் பக்கம் தள்ளினார். அம்மையார் அதைப் படித்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். உடனே அந்தப் பெண், கூடம் முழுவதும் கேட்கும்படி, "சர்வர் வேலை செய்யலைம்மா, மதியத்துக்கு மேல வாங்க" என்றார். பிறகு எழுந்து வந்து, அவரைக் கையைப் பிடித்து மேலாளர் அறைக்கு அழைத்துப் போனார். கைப்பேசி அங்கேதான் அணைக்கப்பட்டது.

சீட்டில் எழுதியிருந்தது, "யாராவது மிரட்டுகிறார்களா?" என்பதாம். அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருந்ததாக நேற்று மாலை ஓர் அழைப்பு வந்திருக்கிறது; பிறகு காவல் சீருடையில் ஒருவன் காணொளியில் தோன்றி, அவர் 'டிஜிட்டல் கைதில்' இருப்பதாகவும், யாரிடமும் பேசக் கூடாதென்றும், பணத்தைச் 'சரிபார்ப்புக் கணக்கில்' போட வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. இரவு முழுவதும் அழைப்பைத் துண்டிக்க விடாமல், தூங்கவும் விடாமல் வைத்திருந்தார்கள். மேலாளர் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குத் தகவல் சொன்னார்.

அந்த அம்மையாருக்கு வங்கிச் செயலி வைத்துக்கொள்ளத் தெரியாது. தெரிந்திருந்தால் நேற்று இரவே படுக்கையறையில் இருந்தபடி, செயலியின் வரம்பு விட்ட அளவுக்கு அனுப்பியிருப்பார். முகப்புக்கு வந்தும் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாளிதழ்களில் படித்திருக்கிறேன். எல்லா ஊழியரும் தலைநிமிர்ந்து எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, பார்க்க நேரமும் அவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. இன்று பார்த்தார்.

அம்மையாரை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் மனைவி, "அக்கா, இன்னிக்கு நம்ம வீட்டுலயே படுங்க" என்று ரசஞ்சாதம் பிசைந்து கொடுத்தாள். கைப்பேசியை அவர் இன்னும் தொடவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

செப்டம்பர் 30க்குள் நான்கில் மூன்று பங்கு ஏடிஎம்களாவது நூறு அல்லது இருநூறு ரூபாய்த் தாள் கொடுக்கும்படி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நேற்று சொல்லியிருக்கிறது. நல்ல செய்தி. நாளை மறுநாளிலிருந்து இலவச அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் 21 ரூபாயிலிருந்து 23 ரூபாய் வரை உயரலாம் என்பது கூடவே வந்த செய்தி.

மே 2, வெள்ளி

மே மாதப் பணம் எடுக்கக் கிளம்பியபோது செவிலியர் அம்மையாரும் உடன் வந்தார். இந்த மாதம் மூன்று முகப்புகளில் ஒன்றை மூடிவிட்டு, அந்த இடத்தில் செயலியைப் பதிவிறக்கிக் கொடுக்க ஒரு தம்பியை உட்கார வைத்திருக்கிறார்கள். "ரெண்டே நிமிஷம் சார், இனிமே இங்க வரவே வேண்டாம்" என்றார். அவர் அதை ஒரு வசதியாகத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன்.

வரிசை நீளமாக இருந்தது, டோக்கன் 41. அம்மையார் தம் படிவத்தை எழுதி முடித்துவிட்டு, பின்புறத்தைத் திருப்பி, "அண்ணா, சில்லறை வேணும்னா இங்கதானே எழுதணும்?" என்று கேட்டார். பேனாவைக் கொடுத்தேன். ஐந்நூறு 4, நூறு 20, ஐம்பது 10 என்று எழுதினார்; கொஞ்சம் யோசித்துவிட்டு, கீரைக்காரம்மாவுக்காக என்று பத்து ரூபாய் 30 சேர்த்துக்கொண்டார்.