பியானோ பிளாக் பேனல்: கீறாமல் துடைக்க முடியுமா என்று செய்து பார்த்தது

கியர் லீவரைச் சுற்றி, ஏசி வென்ட்டுக்குக் கீழே, கதவில் பவர் விண்டோ சுவிட்சுகளைச் சுற்றி என்று இப்போது வரும் கார்களில் எங்கே அதிகம் கை படுமோ அங்கேதான் பியானோ பிளாக், அதாவது கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக், வைக்கிறார்கள். ஷோரூமில் பார்த்தால் முகம் தெரியும். கொஞ்ச மாதம் போய், சாயங்கால வெயில் சாய்வாக உள்ளே விழும்போது பார்த்தால் சிலந்தி வலை மாதிரிக் கீறல்கள்தான் தெரியும். மோதிரம், சாவி, வளையல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். யாருமே தொடாத மீட்டர் பக்கத்துப் பட்டையிலும் அதே வலை இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் துடைக்கிற துணி மேல் சந்தேகம் வந்தது.

சொந்த வண்டியில் சோதித்துப் பார்க்க மனசு வரவில்லை. பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போய், ஏதோ ஒரு வண்டியின் கியர் கன்சோல் பேனல் ஒன்றைத் தேடினேன். "கீறல் இல்லாத பீஸா பாத்துக் குடுங்கண்ணே" என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழைய சாமான்ல கீறல் இல்லாததா? அதுக்கு நீ ஷோரூமுக்குல்ல போகணும்?" குவியலுக்குள் கையை விட்டுத் துழாவியதில், ஒரு பக்கம் பாதுகாப்பு பிளாஸ்டிக் உரிக்கப்படாமலே இருந்த பேனல் ஒன்று கிடைத்தது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக்கை உரித்து, மாஸ்கிங் டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். வண்டி ஃப்ளோர் மேட்டில் இருந்த தூசியைத் தட்டி, டீ வடிகட்டியில் சலித்து, எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி தூவினேன். ஒரு கட்டத்துக்கு டிஷ்யூ பேப்பர், ஒன்றுக்கு மஞ்சள் துணி, ஒன்றுக்கு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பனியன் வேஸ்ட், ஒன்றுக்குக் காய்ந்த மைக்ரோஃபைபர், ஒன்றுக்கு ஈர மைக்ரோஃபைபர். கடைசிக் கட்டத்தில் மட்டும் தூசியை ஊதி, பிரஷால் தட்டிவிட்டு, அப்புறம் ஈர மைக்ரோஃபைபர். கை அழுத்தம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. துடைத்த பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.

டிஷ்யூ மோசம் என்பது எதிர்பார்த்ததுதான். பனியன் துணி மெத்தென்று இருந்தும், அதன் தையல் ஓரம் பட்ட இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கோடு. எனக்கு ஆச்சரியம் காய்ந்த மைக்ரோஃபைபர் கட்டம்தான். விலை கூடின துணி, எடுத்துத் தடவினால் பூனைக்குட்டி, ஆனால் அந்தக் கட்டத்துக்கும் மஞ்சள் துணிக் கட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈரத் துணியில் கீறல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஊதி, தட்டி, ஈரத்தில் துடைத்த கட்டத்தில் டார்ச்சை எப்படித் திருப்பினாலும் ஒன்றிரண்டு மெல்லிய இழைகள் மட்டுமே.

காரணம் எளிது. நம் சாலைத் தூசியில் மணல் உண்டு, மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் (1 முதல் 10 வரை) குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடியே 5.5 சுமார். இந்தப் பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது அக்ரிலிக் பிளாஸ்டிக். அவை 3-ஐத் தாண்டாது. துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், நடுவில் அந்த மணல் துகள் இருக்கும்வரை கீறுவது துகள்தான், துணி அதைத் தள்ளிக்கொண்டு போகிறது, அவ்வளவே. சொரசொரப்பான டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலும் இதே கீறல் விழும். பளபளப்பு இல்லாததால் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்காது.

வெயிலில் கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரிவதைப் பார்த்து, வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வட்டமாக இல்லாமல் நேர்கோடாகவே, ஆனால் எல்லாத் திசையிலும் துடைத்த கட்டங்களிலும் டார்ச்சைச் சுற்றி வட்டம் தெரிந்தது. ஒளிக்குக் குறுக்கே இருக்கும் கீறல்கள்தான் கண்ணுக்கு மின்னும். டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

இன்னொன்றும் கவனித்தேன். காய்ந்த துணியால் துடைத்த கட்டங்கள் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி தூசி பிடித்தன. உரசலில் பிளாஸ்டிக்குக்கு மின்னேற்றம் வந்து, சுற்றியுள்ள தூசியை அதுவே இழுக்கிறது. தூசி தெரிகிறதே என்று சும்மா சும்மா துடைக்கும் ஆட்களுக்கு (நானும் உண்டு) இது ஒரு தீராத சுழற்சி.

இப்போது வண்டியில் நான் செய்வது இது. கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பல்பால் முதலில் மூலை முடுக்கெல்லாம் ஊதல். பிறகு பவுடர் பூசும் மேக்கப் பிரஷ். கார் டிடெயிலிங்குக்கு என்று விற்கும் பன்றிமுடி பிரஷ்கள் ஏசி வென்ட்டுக்குச் சரி, இந்தப் பேனலுக்கு முரடு. பிரஷின் இரும்புப் பூண் பேனலில் இடிக்காமல் இருக்க மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். அதற்கப்புறம்தான் ஈரத் துணி. நாலாக மடித்து, தன் எடையிலேயே ஒரு இழுப்பு, உடனே வேறு மடிப்பு. கடைசியில் காய்ந்த துணியை வைத்து ஒற்றி எடுப்பது, தேய்ப்பது கிடையாது.

தண்ணீருக்கு போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புத் தடம் விடும், அந்தத் தடத்தை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டிவரும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் வெகுநாள் வரும். துணியில்தான் தெளிக்க வேண்டும். பேனல் மேல் நேராக அடித்தால் சுவிட்ச் இடுக்கில் இறங்கும். ஸ்பிரிட், சானிடைசர் வகையறா பக்கமே போகாதீர்கள், அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டு நுண்ணிய விரிசல் ஓடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் டச்ஸ்கிரீன் பூச்சுக்கு ஆகாது.

மைக்ரோஃபைபர் துணியில் லேபிளை வெட்டி எறிவது முதல் வேலை. ஓரத் தையல் இல்லாத ரகம் கிடைத்தால் நல்லது. வாசனைக்குப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனரில் நனைத்தால் இழைகள் பிசுக்கேறி வீணாகும். கீழே விழுந்த துணி அன்றோடு வீல் துடைக்கப் போய்விடும், அதில் தயவு தாட்சண்யம் இல்லை.

ஆயுத பூஜை ஒரு தனிக் கதை. "அம்மா, பொட்டை மேல டேஷ்போர்டுல வைம்மா, இந்தக் கறுப்புல வேணாம்" என்றேன். "சாமிக்கு வைக்கிற பொட்டுக்கு இடம் பாத்தா வைப்பாங்க?" என்று கியர் பக்கத்திலேயே மூன்று விரல் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். மறுநாள் சந்தனம் ஓடாகக் காய்ந்திருந்தது. சுரண்டினால் போச்சு. நனைத்த துணியை அதன் மேல் போர்த்திவிட்டு டீ குடித்து வந்தேன்; ஊறி இளகி, துணியோடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. விபூதியை ஊதினாலே பாதி போனது.

ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு, புதுப்பேட்டை பேனலில் பிளாஸ்டிக் பாலிஷை ஃபோம் துண்டில் பட்டாணி அளவு வைத்துக் கையால் தேய்த்தேன். மெல்லிய வலை மறைந்தது. பனியன் தையல் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. பாலிஷ் என்பதும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் தேய்த்தெடுப்பதுதான் என்பதால், அடிக்கடி செய்யும் வேலை இல்லை இது. மெஷின் வைப்பதானால் சூட்டில் பிளாஸ்டிக் இளகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையும் சாவியும் படும் கியர் கன்சோலுக்கு மட்டும் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க ஒட்டும் தெளிவான ஃபிலிம்) ஒட்டினேன். டிபியு என்ற ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் ஃபிலிம், 150 மைக்ரான் சுமார் தடிமன். டிரேசிங் பேப்பரில் வடிவம் எடுத்து, தனியாக வெட்டி, பேபி ஷாம்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் மிதக்கவிட்டு நகர்த்தி ஒட்டுவது. பேனல் மேல் வைத்து பிளேடு போடுவது என்ற பேச்சே கிடையாது. மேலே விழும் மெல்லிய கீறல் வெயில் சூட்டில் தானாக ஆறுகிறது. சென்னையில் அந்தச் சூட்டுக்குப் பஞ்சமா. மற்ற பேனல்களுக்கு ஃபிலிம் தேவையில்லை என்பது என் கணக்கு. அங்கே தொடாமல் இருந்தாலே போதும். வாட்டர் வாஷ் விடும்போது "தம்பி, உள்ள கறுப்புல மட்டும் கை வைக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுகிறேன். "வேலை மிச்சம் சார்" என்று சிரிக்கிறார்கள்.

கப் ஹோல்டர் வளைவில் மட்டும் ஃபிலிமின் மூலை எழும்புகிறது. அடுத்த துண்டை ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே நிறுத்தி வெட்டி, ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி அழுத்திப் பார்க்கப் போகிறேன்.