ஸா டெக்கில் தெத்: நாட்குறிப்பு, 2025

ஜனவரி 9, வியாழன்

தெத், வியட்நாமின் சந்திரப் புத்தாண்டு. அதற்காக அங்கே ஸா டெக் ஊருக்கு, தோழியின் குடும்பத்திடம் போகிறேன். இ-விசா விண்ணப்பத்தில் பெயர்க் கட்டம்தான் எல்லோரையும் கவிழ்க்கிறது. நம் பக்கத்துக் கடவுச்சீட்டு பலவற்றில் குடும்பப் பெயர் காலி. அப்பா பெயரும் சொந்தப் பெயரும் ஒரே வரியில் கிடக்கும். படப் பக்கத்தின் அடியில், கோண அடைப்புகளோடு ஓடும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அந்த வரிசையிலேயே நிரப்பவேண்டும். அழகுக்காக மாற்றிப் போட்டால் விமான நிலையத்தில் நிற்கவேண்டி வரும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. அதிகபட்சம் 90 நாள். நிராகரித்தால் பணம் திரும்பாது. எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்று முன்பே குறிக்கவேண்டும்: சைகோனின் தான் சோன் ஞட் விமான நிலையம். தங்கும் முகவரிக்குத் தோழியின் பெரியப்பா வீடு, தெரு முதல் மாகாணம் வரை.

அரசு விடுமுறை ஜனவரி 25 முதல் பிப்ரவரி 2 வரை. அதற்குள் சிக்கிய விண்ணப்பத்தை யாரும் தொடமாட்டார்கள்.

தோழியின் பாட்டி இன்று எழுந்து உட்கார்ந்தாராம்.

ஜனவரி 13

விசா வந்துவிட்டது. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறவில்லை. இரண்டு நகல், தனித்தனிப் பையில்.

ஜனவரி 14

அவர்கள் சந்திரக் கணக்கில் இன்று பன்னிரண்டாம் மாதத்துப் பௌர்ணமி. வாசல் மாய் மரத்தின் இலைகளை உதிர்க்கும் நாள். மாய், நம் செருந்தியின் உறவுக்காரச் செடி. ஐந்து இதழ், மஞ்சள். இலை இருக்கும்வரை பூக்காது. ஒவ்வோர் இலையாகக் கையால் கிள்ளவேண்டும். காம்படியில் உள்ள மொட்டு காயம்பட்டால் அந்தக் கணு இந்த ஆண்டு வீண். மொட்டு ஏற்கனவே பருத்திருந்தால் நாலைந்து நாள் தள்ளிக் கிள்ளலாம். சிறுத்திருந்தால், அல்லது குளிர் நீடித்தால், பௌர்ணமிக்கு முன்பே முடித்திருக்கவேண்டும். பிந்துகிறது என்று தெரிந்தால் வெயிலில் வைத்து வெதுவெதுப்பான நீர் ஊற்றுகிறார்கள். முந்தினால் நிழலும் குளிர்ந்த நீரும். புத்தாண்டு காலையில் விரியவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

மரத்தைப் படம் பிடித்து அனுப்பிய தோழி கூடவே கேட்டாள்: எந்த ஆண்டு பிறந்தீர்கள், சரியாகச் சொல்லுங்கள். 1983. பன்றி ஆண்டு. வரப்போவது பாம்பு ஆண்டு. பாம்புக்கும் பன்றிக்கும் ஆகாது. அவள் அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.

ஜனவரி 17

பரிசுப் பொருள். வாழைப்பழமும் ஆரஞ்சும் வேண்டாம். வடக்கே படையல் தட்டின் அடியே வாழைச் சீப்புதான். தெற்கே அதன் பெயர் தலைகுப்புற விழுவதையும் ஆரஞ்சின் பெயர் துன்பத்தைச் சகித்துக் கிடப்பதையும் நினைவூட்டுவதால் தட்டில் ஏற்றமாட்டார்கள். நாம் மங்கலம் என்று தாம்பாளத்தில் முதலில் வைப்பதையே அங்கே நீட்டக் கூடாது. கத்தி, கத்தரிக்கோல், கடிகாரம் கூடாது. கறுப்பு, வெள்ளைத் தாளில் சுற்றக் கூடாது. முந்திரி அவர்களிடமே கொட்டிக் கிடக்கிறது. நெய் இனிப்பு இரண்டு பெட்டி, பாட்டிக்கு மெல்லிய பருத்திப் போர்வை, நல்ல ஏலக்காய். பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் கொடுக்கவேண்டும். எதிரிலேயே பிரிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று பொருளில்லை.

ஊதுபத்தி வேண்டாம் என்றாள். அவர்கள் பத்தியில் சாம்பல் உதிராமல் சுருண்டு நிற்பதை நல்ல அறிகுறியாகப் பார்க்கிறார்கள். நம்முடையது உதிர்ந்துவிடும்.

ஜனவரி 21, செவ்வாய்

சைகோனில் அரை நாள் கிடைத்தது. பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் துரோங் திஞ் தெரு மாரியம்மன் கோயில். தமிழர் கட்டியது, இன்று கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். கருவறையின் பின்சுவரில் நெற்றியை வைத்து முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறார்கள். பாட்டியின் பெயரைச் சொல்லி வந்தேன்.

ஸா டெக் இங்கிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மேற்குப் பேருந்து நிலையத்தில் இந்த வாரம் போய் நின்று சீட்டு வாங்க முடியாது. திரும்பும் சீட்டையும் இப்போதே போட்டுவிடவேண்டும். தெத் கட்டணம் கூடுதல். இந்த ஆண்டு பன்னிரண்டாம் மாதத்துக்கு 29 நாள்தான், முப்பதாம் நாள் இல்லை. அதனால் எல்லாம் ஒரு நாள் முன்னால். படுக்கைப் பேருந்தில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி, கொடுக்கிற பையில் போட்டுக்கொள்ளவேண்டும். மீ துவான் பாலங்கள் இரண்டு இப்போது, பழையது 2000-இல், புதியது 2023 கடைசியில். பாலம் தாண்டியதும் வண்டியில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

ஜனவரி 22

காலையில் முதல் வேலை காவல் நிலையம். வெளிநாட்டவர் தனியார் வீட்டில் தங்கினால் வந்த 12 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவலரிடம் தற்காலிகத் தங்கலைப் பதியவேண்டும். மிகவும் எட்டாத ஊர்களுக்கு 24 மணி நேரம். பதியவேண்டியவர் வீட்டுக்காரர், விருந்தாளி அல்ல. விட்டுவிட்டால் அபராதம் வீட்டுக்காரர் தலையில் விழும். வந்தவருக்காக அவர் பதில் சொல்லவேண்டிவரும். கடவுச்சீட்டுப் படப் பக்கம், நுழைவு முத்திரைப் பக்கம், விசா, மூன்றின் நகல் போதும். இணையத்திலும் செய்யலாம், ஆனால் வீட்டுக்காரரின் கணக்கு முன்பே ஒப்புதல் பெற்றிருக்கவேண்டும். தெத்தின் இரண்டாம் நாள் இரவு சித்தி வீட்டில் தங்கினால் அங்கேயும் புதிதாகப் பதியவேண்டும். ஓர் இரவுதானே என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது.

மாலை அடுப்புத் தெய்வங்களை மேலுலகுக்கு வழியனுப்பினார்கள். வடக்கே உயிருள்ள கெண்டை மீன். இங்கே எள், வேர்க்கடலை மிட்டாய், காகிதத்தில் வெட்டிய கொக்கும் குதிரையும்.

பாட்டி தொங்கு கட்டிலில். கஞ்சி நாலு கரண்டி.

ஜனவரி 23

உறவு முறை. இதை எழுதி மனப்பாடம் செய்யாமல் முற்றத்தில் இறங்கக் கூடாது.

அப்பாவின் அண்ணன் பாக், தம்பி சூ. அப்பாவின் சகோதரி, மூத்தவரோ இளையவரோ, கோ. தாய்மாமன் கௌ. அம்மாவின் சகோதரி யீ. சூவின் மனைவி தீம், கௌவின் மனைவி மோ, அத்தை சித்திகளின் கணவர் யூங். நமக்கு இந்தப் பிரிவுகள் ஒன்றும் புதிதல்ல, நாக்கில்தான் புதிது. தெற்கே தலைப்பிள்ளைக்கு எண் இரண்டு. ஆகவே பாக் ஹாய் என்பவர் முதல் பிள்ளை, சூ பா இரண்டாமவர், கடைசிக்கு ஊத். எண்ணை அப்படியே நம்பி 'மூன்றாவது சித்தப்பா' என்று கணக்குப் போட்டால் ஒருவர் தள்ளிப் போகும். வயது அல்ல, கிளைதான் முக்கியம்: பெரியப்பாவின் பேரன் தொட்டிலில் கிடந்தாலும் அவன் கிளை மூத்தது. பெரியவர்களிடம் தன்னைக் 'கோன்', பிள்ளை, என்று சொல்லிக்கொண்டால் எங்கும் தப்பில்லை. வணங்கும் வரிசை: மூத்தவரிலிருந்து கீழே. கூடத்தில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரையும் தனித்தனியாக அழைத்து வணங்கவேண்டும். மொத்தமாகத் தலையாட்டுவது குழந்தைக்குக்கூட அனுமதியில்லை.

பன்றி ஆண்டு என்பதை யாரும் இன்னும் எடுக்கவில்லை.

ஜனவரி 24

கல்லறைகளுக்கு. வயல் ஓரத்திலேயே. களை பிடுங்கி, கழுவி, சுண்ணாம்பு பூசினார்கள். பத்தி ஒற்றைப்படையில், பெரும்பாலும் மூன்று. சுடரைக் கையால் விசிறி அணைக்கவேண்டும். வாயால் ஊதக் கூடாது.

பாட்டியின் இடம் தாத்தாவுக்கு அருகே காலியாக இருக்கிறது. அதையும் சேர்த்துக் களை எடுத்தார்கள்.

ஜனவரி 26

சிவப்பு உறை, லீ சீ. புது நோட்டு வேண்டும், மடிப்பு விழுந்ததை வைப்பது மரியாதையல்ல. இந்த வீட்டில் பிள்ளைகளுக்கு 20,000 முதல் 50,000 டோங், மூத்தவர்களுக்கு 200,000. பகல் வெளிச்சத்தில் மட்டும் அடைக்கவேண்டும்: 20,000 நோட்டும் 500,000 நோட்டும் நீலம். உறைக்கு ஓரத்தில் பென்சில் புள்ளி வைத்துப் பிரித்துக்கொண்டால் எதிரில் தடுமாறவேண்டாம். பத்து உறை அதிகமாக வைத்திருப்பது நல்லது, அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். ஏடிஎம்கள் காலியாகும் வாரம் இது. பணம் இன்றே எடுத்தாகவேண்டும்.

மாலை தான் குய் தோங் பூக்கிராமம். நீருக்கு மேல் பலகைத் தட்டுகளில் செவ்வந்தித் தொட்டிகள். கீழே சிறு படகில் போய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பாதி தட்டுகள் காலி. சைகோனுக்குப் போய்விட்டன.

ஜனவரி 27

பாஞ் தேத், இலையில் சுருட்டி வேகவைக்கும் ஒட்டரிசி உருளை. நாள் முழுக்க.

பன்றிக் கொழுப்பு வைத்தது ஒன்று, வாழைப்பழம் வைத்தது ஒன்று. இரண்டாவதைத்தான் கூர்ந்து பார்த்தேன், மரக்கறிக்காரர்களுக்கானது. ஒட்டரிசி 1 கிலோ, ஆறு மணி நேரம் ஊறவைத்து, ஒட்ட வடிக்கவேண்டும். கறுப்புப் பயறு 200 கிராம், உடையாமல் வேகும் பதம். கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. வாணலியில் பாலைக் காய்ச்சி அரிசியைப் போட்டு, பால் முழுதும் இழுக்கும்வரை சிறு தீயில் கிளறவேண்டும். அரிசி வேகக் கூடாது, பாலைக் குடித்தால் போதும். கடைசியில் பயறு. பழம் குட்டையான சியெம் வகை, பழுத்தும் கெட்டியாக இருக்கவேண்டும். கனிந்து தளர்ந்தது கரைந்து அரிசிக்குள் ஓடிவிடும். தோலுரித்துச் சிறிது சர்க்கரை, உப்புப் புரட்டி வைக்கிறார்கள். வெந்தபின் செக்கச்சிவந்துவிடுகிறது.

இலையை முதல் நாளே வெயிலில் வாட்டி, இருபுறமும் துடைக்கவேண்டும். ஈர இலையில் கட்டியது மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று இலை, ஒன்றின் நரம்புக்குக் குறுக்கே அடுத்தது. அரிசியைப் பரப்பி, பழத்தை நடுவில் வரிசையாக வைத்து, இலையோடு உருட்டி, ஒரு முனையை மடித்து நிமிர்த்தி, தட்டித் தட்டி இறக்கி மறு முனையை மடிக்கவேண்டும். கட்டுதான் எல்லாம். இறுகக் கட்டினால் அரிசி ஊதும்போது இலை கிழியும், நடுவும் வேகாமல் நிற்கும். தளர்ந்தால் தண்ணீர் உள்ளே போய்க் கொழகொழத்து, சீக்கிரம் புளிக்கும். முதல் கட்டு நீளவாக்கில், பிறகு இரண்டு விரல் இடைவெளியில் குறுக்குக் கட்டுகள். 1 கிலோ அரிசிக்கு நான்கு உருளை.

பெரிய அண்டாவின் அடியில் இலைக் காம்புகள், மேலே உருளைகள். தண்ணீர் எப்போதும் மூழ்க நிற்கவேண்டும். குறைந்தால் கொதிநீர்தான் ஊற்றவேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி அரிசி நடுவில் கட்டிதட்டும். பழம் வைத்தது ஐந்தாறு மணி நேரம், இறைச்சி வைத்தது எட்டுக்கு மேல். பாதியில் திருப்பிப் போடவேண்டும். எடுத்ததும் குளிர்ந்த நீரில் அலசி, இரண்டிரண்டாகக் கட்டி மூங்கிலில் தொங்கவிடுகிறார்கள்.

கத்தி வேண்டாம். கட்டிய நூலையே சுற்றி இழுத்து வட்டமாக அறுக்கிறார்கள்.

பாட்டி அண்டா ஓரம் பத்து நிமிடம் உட்கார்ந்தார். கட்டு தளர்ந்த ஒன்றைக் கையாலேயே கண்டுபிடித்துத் திருப்பித் தந்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

மூதாதையரை வீட்டுக்கு அழைக்கும் நாள். முட்டையும் இறைச்சியும் இளநீரில் வேகவைத்த குழம்பு, பாகற்காய் சூப், முளைப்பயறு ஊறுகாய், சோடித் தர்ப்பூசணி. பத்தி எரிந்து முடியும்வரை தட்டை யாரும் தொடக் கூடாது.

இப்போது அந்த விஷயம். நள்ளிரவுக்குப் பின் முதலில் வாசல் மிதிக்கிறவரின் ராசி வீட்டுக்கு ஆண்டு முழுவதும் நிற்கும். இதற்குப் பெயர் சோங் தாத். பாம்போடு சேர்பவை சேவலும் எருமையும், சேராதது பன்றி. பார்த்து வைத்திருப்பது சூ பாவின் மகனை, 1993, சேவல். வீட்டுக்காரர் பாக் ஹாயின் பிறந்த ஆண்டுக்கும் அவன் ஒத்துவருகிறான். துக்கத்தில் இருப்பவர் வரக் கூடாது, எவ்வளவு நெருக்கமானாலும்.

நள்ளிரவில் முற்றத்தில் வானத்துக்கு ஒரு படையல் உண்டு. பார்க்க ஆசை. வெளியே போனால் திரும்ப உள்ளே வரவேண்டும்; வந்தால் பன்றி. இந்த வீட்டில், பாட்டி இப்படி இருக்கும்போது. சன்னல் வழியாகப் பார்த்தால் போதும். பதினொன்றரைக்கே உள்ளே பாயில் உட்கார்ந்துவிடப் போகிறேன். கழிப்பறை வெளியே இருப்பதால் தண்ணீர்கூடக் குறைவாக.

ஜனவரி 29

12.07-க்கு சேவல் ஆண்டுக்காரன் வந்தான். வலது காலை வைத்து.

இன்று பெருக்கவில்லை, குப்பை மூலையில் குவிந்திருக்கிறது. வீடு முழுக்க 'ஆன் சாய்', மரக்கறி. முதல் நாளும் பௌர்ணமியும் பலர் அப்படித்தான். மரக்கறி உண்பவர்கள் வேறு நாட்களிலும் இந்த இரண்டு சொல்லைத்தான் சொல்லவேண்டும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் சாறு ஊற்றிய கீரை வரும்.

பாட்டியின் கையில் உறையைக் கொடுத்தபோது அவர் திரும்பத் தலையணைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார்.

ஜனவரி 30

தாய் வழி. முதல் நாள் அப்பா வீடு, இரண்டாம் நாள் அம்மா வீடு, மூன்றாம் நாள் ஆசிரியர். இருசக்கர வண்டியில் பின்னால் மட்டும், தலைக்கவசத்தோடு. இந்தியாவில் தரும் சர்வதேச உரிமம் 1949 ஒப்பந்தத்தின்படி. இங்கே செல்வது 1968 ஒப்பந்தத்தினது. யார் சாவியை நீட்டினாலும் வாங்கக் கூடாது. ஓட்டுகிறவர் ஒரு மிடறு குடித்திருந்தாலும் குற்றம். இந்த ஜனவரி முதல் அபராதங்கள் கடுமை. விருந்தில் ஒரே மதுக் கிண்ணம் வட்டமாகச் சுற்றும். முதல் சுற்றிலேயே மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடவேண்டும். நடுவில் நிறுத்துவதுதான் வருத்தம் தருகிறது.

இரவே திரும்பிவிட்டோம். அங்கே பதியும் வேலை இல்லாமல் போயிற்று. பாட்டிக்குக் காய்ச்சல்.

ஜனவரி 31

மூதாதையரை வழியனுப்பினார்கள், கோழி, தங்கக் காகிதம். பாட்டி எழவில்லை. மருத்துவமனையில் பணிமுறை ஆட்கள்தான், அவசரப் பிரிவு மட்டும். பழைய மருந்துச் சீட்டுகளை ஒரே உறையில் போட்டுத் தலைமாட்டில் வைத்தாயிற்று. வெப்பம் நான்கு மணிக்கொருமுறை பார்த்து எழுதுகிறோம்: 38.4, 38.1, 38.6.

நான் உள்ளேதான் இருந்தேன். கதவைத் தாண்டவே இல்லை.

பிப்ரவரி 1

37.5. கஞ்சி ஆறு கரண்டி. சீட்டை ஆறாம் தேதிக்கு மாற்றக் கேட்டிருக்கிறது. எல்லோரும் சைகோன் திரும்பும் நாட்கள், பின்வரிசை மேல்படுக்கைதான் மிச்சம். விசா 20-ஆம் தேதி வரை செல்லும், அந்தக் கவலை இல்லை. தங்கல் பதிவில் கிளம்பும் தேதி நாளையோடு முடிகிறது. பாக் ஹாயை அழைத்துக்கொண்டு காலையில் அதை நீட்டவேண்டும்.