பின் சீட்டில் சார் என்ன பார்க்கிறார்?

ஏற்காடு அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அஸ்தம்பட்டித் தம்பி ஒருவன் கேட்டான்: "கிளைடர், அதாங்ணா எஞ்சின் இல்லாத விமானம், ஓட்டக் கத்துக்கப் போறேன். எதை முதல்ல படிக்கட்டும்?"

வானிலை, விமான விதிகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உட்கார்ந்து படித்தால் ஏறிவிடும். நான் அவனுக்குச் சொன்னது வேறு.

நான் கிளைடர் கற்றது வெளிமாநிலத்தில் ஒரு மையத்தில். மாணவன் முன் சீட், சொல்லித்தரும் சார் பின் சீட். விமானத்தை ஓட்டும் பிடியான ஸ்டிக் இருவருக்கும் உண்டு, இரண்டும் சேர்ந்தே அசையும். இறங்கும்போது, தரைக்கு 10 அடி இருக்கையில் ஸ்டிக்கை அதிகமாக இழுத்துவிட்டேன். கிளைடர் மேலே எழும்பி வேகம் இழந்தது. அப்போது ஸ்டிக் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. சரி, சார் வாங்கிக்கொண்டார் என்று கையைத் தளர்த்தினேன். அவரோ நானே சமாளிப்பேன் என்று நினைத்து, வரிசையில் நின்ற அடுத்த கிளைடரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டு விநாடி அதை யாருமே ஓட்டவில்லை. தொப்பென்று விழுந்தோம். எனக்கு ஒரு வாரம் இடுப்பு வலி. ஸ்டிக்கை அசைத்தது காற்றா, அவர் முழங்காலா என்று இன்றுவரை தெரியாது.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்" (இனி நான் ஓட்டுகிறேன்) என்று சார் சொல்வது காதில் விழாதவரை ஸ்டிக் நம்முடையது. இதைத் தேர்வில் சரியாக எழுதியவன்தான் நான்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினால், பக்கத்தில் இருப்பவரின் கால் இன்னொரு பிரேக்கில் இருக்கிறதா, கண் போனில் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிடலாம். கிளைடரில் அவர் முதுகுக்குப் பின்னால். எஞ்சினும் கிடையாது, தப்பினால் மறுபடி ஒரு சுற்று வர முடியாது.

சாரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தரையில் இருக்கும் வின்ச் என்ற இயந்திரம் கேபிளால் இழுத்து மேலே ஏற்றிவிட்டால் சில நிமிடப் பறத்தல்தான். வெயிலில் நாள் முழுக்க அதே சுற்று, வேறு வேறு பையன்கள். தடுமாறுகிறவனிடம் கவனமாக இருப்பார். ஓரளவு நன்றாக ஓட்டுகிறவனிடம்தான் அசந்துபோவார். நான் அந்த இரண்டாவது ரகம்.

அதனால் கேனப்பியை (தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை) மூடுவதற்கு முன் கேட்டுவிடு: கேபிள் அறுந்தால் யார் ஓட்டுவது? வின்ச்சில் மூக்கு நன்றாக மேலே தூக்கியிருக்கும்போது அறுந்தால், உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். அப்புறம்தான் திரும்புவதும், இறங்க உதவும் இறக்கைத் தடுப்பான ஏர்பிரேக்கும். இறங்குவதற்கு முன் வரும் கடைசித் திருப்பத்தில் யார் ஓட்டுவது என்பதையும் கேட்டுவிடு. வேகம் குறைந்து, ரடரை (வால் சுக்கானை) அதிகமாக அழுத்தி ஸ்பின்னில், அதாவது சுழன்றபடி கீழே, விழுந்தால் அந்த உயரத்தில் மீள இடமில்லை. கேனப்பியில் ஒட்டிய கம்பளி நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கிளைடர் கோணலாகப் போகிறது என்று பொருள்; வாய்விட்டுச் சொல். நீ பேசினால் அவர் கண்ணும் அங்கே வரும்.

"கேட்டா சார் கோவிச்சுக்க மாட்டாராங்ணா?"

என் சார் முதல் நாள் முறைத்தார். மறுநாள் நான் பெல்ட் மாட்டும் முன்பே அவரே சொன்னார்: "கடைசிவரை நீதான். நான் வாங்கினால் சத்தமாகச் சொல்வேன்."