ஆறு மணி நேரத்தில் பாதி

பள்ளி முடித்ததும் என் முன்னே மூன்று படிப்புகள் இருந்தன: ஒலிப்பதிவு, இயற்கை அறிவியல், அணு மருத்துவத் தொழில்நுட்பம். ஒலிப்பதிவு மீதுதான் ஆசை அதிகம். ஆனால் இயற்பியலும் வேதியியலும் உடற்கூறும் ஒன்றுசேர்ந்து ஒரு நோயாளிக்கு உதவுகிற இடம் என்று அணு மருத்துவம் என்னை இழுத்துவிட்டது. சேர்ந்த அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடம்புக்குள் போகும்; இதில் மருந்தோடு உள்ளே போய், அங்கிருந்து வெளியே வரும்.

முதல் பருவத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது அரை ஆயுள் கணக்கு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம். இந்தத் துறையில் அன்றாடம் புழங்கும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 7 மணிக்கு சிரிஞ்சில் 40 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தால் மதியம் 1 மணிக்கு 20 இருக்கும். சரி, 10 மணிக்கு எவ்வளவு? 40க்கும் 20க்கும் நடுவே என்று 30 எழுதினேன். விடை 28. சிதைவு நேர்கோட்டில் போகாது. அந்தந்த நேரத்தில் மிச்சம் இருப்பதில்தான் ஒரு பங்கு கழியும். புதிதாகச் சேர்பவர்கள் மடக்கையையும் அடுக்குக்குறியையும் முன்கூட்டியே தூசு தட்டி வைத்துக்கொள்ளுங்கள். உடற்கூறை உருப்போட்டாவது தேறிவிடலாம், இதில் அது நடக்காது.

அப்புறம் ஹாட் லேப், கதிரியக்க மருந்துகளைத் தயாரிக்கும் அறை. ஈயக் கவசத்துக்குள் அலுமினா நிரப்பிய ஒரு சிறு குழாய். டெக்னீசியத்தைத் தரும் ஜெனரேட்டர் என்ற கருவிக்கு அதுதான் உயிர். அலுமினாவில் ஒட்டியிருக்கும் மாலிப்டினம்-99, 66 மணி நேர அரை ஆயுளோடு சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் சலைனும் மறுபக்கம் காற்று நீக்கிய வெற்றுக் குப்பியும் இருந்தால் போதும். சலைன் குழாய் வழியே இழுபட்டு, டெக்னீசியத்தைக் கழுவிக்கொண்டு வந்து சேரும். இதைக் 'கறப்பது' என்றுதான் சொல்வோம். இன்று காலை கறந்தால் நாளைக் காலைக்குள் மறுபடி ஊறிவிடும். கறந்த கையோடு மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் இருந்தால் அதை யாருக்கும் ஏற்றக் கூடாது.

எதையும் நிதானமாகச் செய்வது என் பழக்கம். சிரிஞ்சில் மருந்து இழுக்கும்போதும் அப்படித்தான். காற்றுக் குமிழியைத் தட்டித் தட்டி ஏற்றுவேன், அளவு கோட்டில் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பேன். சில வாரங்களில், விரல் வாங்கும் கதிரை அளக்க மாட்டிக்கொள்ளும் மோதிர டோசிமீட்டரின் அறிக்கை வந்தது. வரம்புக்கு வெகு கீழேதான், ஆனால் கூடப் படிப்பவர்களைவிட என் விரல் அதிகம் வாங்கியிருந்தது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெதுவா செஞ்சா கவனம்னு நினைக்கிற. இங்க வேகமும் கவனம்தான்."

அன்றிலிருந்து தினமும் மாலையில் வெறும் சலைனை வைத்துப் பயிற்சி. ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, டங்ஸ்டன் உறை மாட்டிய சிரிஞ்சோடு, பக்கத்தில் ஸ்டாப்வாட்ச். குப்பியை விரலால் தொடாமல் இடுக்கியால் பிடிக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் கதிர் ஏறக்குறைய கால்வாசியாகக் குறையும் என்று படித்தது அங்கேதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் 70 விநாடி ஆனது. மூன்று வாரத்தில் 20க்கு வந்தேன். குமிழியைத் தட்டுவதை விட்டுவிட்டு, முதலிலேயே குமிழி வராமல் இழுக்கக் கை பழகியிருந்தது. அடுத்த அறிக்கையில் என் எண் இறங்கியதைப் பார்த்தபோது, தேர்வில் தேறியதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மருத்துவமனைப் பயிற்சியில் அவசரமே கூடாத ஓர் இடம் உண்டு. ஊசி போடும் முன் பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்லச் சொல்வது. சிரிஞ்ச் கையில் இருக்கும்போது அல்ல, அதற்கு முன்பே.

நான் முதன்முதலாக முழுசாக எடுத்தது ஓர் எலும்பு ஸ்கேன். மருந்தை ஏற்றிவிட்டு, நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உடம்பிலிருந்து வரும் கதிரைப் படமாக்கும் காமா கேமரா மெல்ல நகர, திரையில் முதலில் மணல் தூவினாற்போல வெறும் புள்ளிகள். எண்ணிக்கை ஏற ஏற மண்டை ஓடு, விலா, முதுகெலும்பு என்று ஒவ்வொன்றாகத் தெளிந்தது. 100 புள்ளிகள் விழுந்த இடத்தில் இரைச்சல், அதாவது எண்ணிக்கையில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம், பத்தில் ஒரு பங்கு, 10,000 விழுந்தால் நூறில் ஒன்றுதான். இரைச்சலுக்குள்ளிருந்து சங்கதியைப் பிரித்தெடுப்பது, நான் ஆசைப்பட்ட ஒலிப்பதிவிலும் இதே பாடுதானே என்று அப்போது தோன்றியது.

இடுப்புக்கு வந்ததும் நடுவில் பெரிய கரும்பொட்டு. என் நெஞ்சு பக்கென்றது. அக்கா பதறவில்லை. "பாத்ரூம் போனாங்களானு கேட்டியா?" என்றார். கேட்க மறந்திருந்தேன். இந்த மருந்து சிறுநீர் வழியாகவும் வெளியேறும். பை நிறைந்திருந்தால் பின்னால் உள்ள எலும்பை மறைத்துவிடும். அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வந்து, இடுப்பை மட்டும் மறுபடி எடுத்தோம். பொட்டு சுருங்கி, பின்னாலிருந்த எலும்பு தெளிவாகத் தெரிந்தது.

"முடிஞ்சுதா, எழுந்துக்கலாமா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதும்மா" என்று சொல்லி, அவருடைய செருப்பை எடுத்துக் காலருகே வைத்தேன்.