ஓட்டோவில் சொல்லாத அறிவித்தல்

மட்டக்களப்புப் பக்கம் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, கலியாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவோம். சுகாதாரப் பகுதி அறிவித்தல்களை ஓட்டோவில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவதும் நான்தான்.

டெங்கு அறிவித்தல் என்றால் எனக்கு விருப்பம். தாள் சின்னதாக இருக்கும். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வரும் நாள். நான் ஒழுங்கை திரும்புவதற்குள் யாராவது வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்தல் காலத்தில் மட்டும் ‘கௌரவ அமைச்சரின் வழிகாட்டலில்’ என்று ஒரு வரி முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். அதை வேகமாக வாசித்துவிட்டுச் சிரட்டைக்கு வந்துவிடுவேன்.

2020 ஏப்ரலில் வந்த தாள் அப்படியானதல்ல. கொரோனாவில் இறப்பவர்களின் உடல்கள் கட்டாயம் எரிக்கப்படும், புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலக்கும், அதைப் பாதுகாக்க ஒத்துழையுங்கள் என்று இருந்தது. தந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அப்படியே வாசியுங்கோ, ஒண்டும் கூட்ட வேண்டாம்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொரோனா விஷயத்தில் அதிகாரிகளை விமர்சித்தால் கைது என்று அந்த மாத முதலாம் திகதியே பொலிஸ் அறிவித்திருந்த நேரம் அது.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24 அன்றே சொல்லிவிட்டது. மார்ச் 27 அன்று நம் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டலிலும் புதைக்க இடம் இருந்தது. 31 ஆம் திகதி அது மாறியது. ஏப்ரல் 11 வர்த்தமானியில் எரிப்பது சட்டமாகவே ஆனது. 800 முதல் 1200 பாகை வெப்பம், குறைந்தது 45 நிமிடம் என்று அளவும் போட்டார்கள். நாலு நாளில் தண்ணீருக்கு என்ன நடந்தது என்று யாரும் விளக்கவில்லை. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம்கள் மேல் இருந்த வெறுப்பு ஆறாத காலம், பாராளுமன்றத் தேர்தலும் வரவிருந்தது. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கேட்டால் ‘நிபுணர்கள் சொன்னார்கள்’ என்பதுதான் பதில்.

டிசம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்றை, பெற்றோர் மறுத்தும், கொழும்பில் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. அந்த மாதக் கடைசியில் அரசு நியமித்த வேறொரு நிபுணர் குழு புதைக்கவும் செய்யலாம் என்றது. 2021 ஜனவரியில் சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் மாற்றம் இல்லை என்றார். ஆக, எந்த நிபுணர் என்பதையும் மேலே இருப்பவர்களே தெரிவு செய்தார்கள். பிப்ரவரி 10 அன்று பிரதமர் புதைக்க அனுமதி என்றார். அடுத்த நாளே இன்னொரு அமைச்சர், அது நிபுணர்கள் முடிவு செய்ய வேண்டியது என்றார். 23 ஆம் திகதி அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்தார். அவர் திரும்பிப் போன கையோடு வர்த்தமானி மாறியது.

நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கார முஸ்லிம் காக்கா அன்றைக்குக் கேட்டது: “ஏன் தம்பி, பாகிஸ்தான் பிளேன் வந்தோடன கிருமி தண்ணிக்குள்ள இறங்குறத உட்டுட்டா?”

முதலில் இரணைதீவில் புதைக்கப் போவதாகச் சொன்னார்கள். அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் எதிர்த்தன. பிறகு எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடிதான். மார்ச் 5 இல் தொடங்கி, நாடு முழுவதிலுமிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் இங்கே வந்தன.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. எரிக்க வேண்டும் என்பதை ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லவைத்தவர்கள், அது பிழை என்பதைப் பேப்பர்ச் செய்தியோடு முடித்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு தாளும் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் பெற்றோல் காசுகூட வாங்காமல் சொல்லியிருப்பேன்.

இதற்கிடையில், 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து என்று தம்மிக்க என்பவர் கொடுத்த பாணி. காளி அம்மன் சொல்லித் தந்ததாம். தேனும் சாதிக்காயும் சேர்த்தது. கூட்டம் கூட வேண்டாம் என்றிருந்த நேரத்தில் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் அதற்காக வரிசையில் நின்றார்கள். கொரோனா ஒழிய வேண்டும் என்று, பிரித் எனும் பௌத்த மந்திரம் ஓதிய நீர் முட்டியை ஆற்றில் விட்ட அதே சுகாதார அமைச்சர் கமராவுக்கு முன்னால் அந்தப் பாணியைக் குடித்தார். ஜனவரியில் அவருக்கே தொற்று. சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரமும் ‘கூட்டம் கூடாதீர்கள்’ என்று வெயிலில் கத்திக்கொண்டு போனவன் நான். ஒரு பெடியன் சைக்கிளில் பக்கத்தில் வந்து, “அண்ணே, பாணி இருக்கா?” என்றான்.

இதெல்லாம் வந்து மோதியது தடுப்பூசியில். 2021 நடுப்பகுதியில் எங்கள் பக்கம் ஊசி வந்தது. ‘தடுப்பூசி பாதுகாப்பானது என்று நிபுணர்கள் உறுதிப்படுத்தியுள்ளனர்’ என்று தாள். இந்த முறை அது உண்மை. ஒரு முஸ்லிம் கிராமத்தில் கேற்றடியில் நின்ற வயதான அம்மா கையைக் காட்டி ஓட்டோவை நிறுத்தினார்.

“எந்த நிபுணர், மனே? தண்ணியப் பத்திச் சொன்னவங்களா?”

கூட வந்த பி.எச்.ஐ. பதில் சொல்லவில்லை. தாளை வாங்கி, அந்த வரியைப் பேனாவால் வெட்டினார். ‘நம்ம ஆஸ்பத்திரி டொக்டர் போட்டிருக்கிறார், பள்ளிவாசல் தலைவர் போட்டிருக்கிறார், காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம், கேள்வி இருந்தால் டொக்டரிடமே கேட்கலாம், காலை ஒன்பது மணி, பாடசாலை மண்டபம்’ என்று ஓட்டோ சீட்டில் வைத்தே எழுதித் தந்தார். மேலிடத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘கௌரவ அமைச்சரின்’ வரி கட்டாயம் ஏறியிருக்கும்.

அடுத்த நாள் மண்டபத்தில் கூட்டம் பரவாயில்லை. அந்த அம்மாவும் வந்தார். ஊசி போட முதல் டொக்டரைப் பிடித்துவைத்து நிறையக் கேள்வி கேட்டார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தும் அவர் விடவில்லை.