பேக்கப்பும் டேட்டாபேஸும் ஒரே டிஸ்க்கில்

எங்கள் லினக்ஸ் சர்வரில் இரவு பேக்கப் தொடங்கியதும் டேட்டாபேஸ் திணறும். டேட்டா முழுவதும் நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் சேட்டா ஹார்ட்டிஸ்க்கில்; புதிது வாங்க பட்ஜெட் இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சொன்னார்கள்.

டிஸ்க் வேகத்தைக் காட்டும் ஐயோஸ்டாட் கருவியில் பார்த்தால், பேக்கப் தனியாக ஓடும்போது நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் வருகிறது. டேட்டாபேஸும் சேர்ந்தால் இரண்டுமே படுத்துவிடுகின்றன. 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட், வேண்டிய செக்டர், அதாவது டிஸ்க்கில் டேட்டா இருக்கும் சிறு துண்டு, படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. ஹெட் நகர இன்னும் எட்டோ ஒன்பதோ. சிதறிய இடங்களில் நொடிக்கு எண்பது முறை படித்தாலே அதிகம். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் மொத்தமே 320 கேபிதான்!

டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகளில் எது முதலில் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலராக அப்போது இருந்தது எம்க்யூ-டெட்லைன். கோரிக்கைகளை செக்டர் வரிசையில் அடுக்கும். 500 மில்லிசெகண்ட் தாண்டிக் காத்திருக்கும் ரீட் கோரிக்கையை முன்னே தள்ளும். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் பேக்கப் ஒரு துண்டை முடித்து அடுத்ததைக் கேட்பதற்குள் சிறு இடைவெளி விழுந்தால், ஹெட் டேட்டாபேஸ் பக்கம் ஓடிவிடும். திரும்பி வர மறுபடி பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் போச்சு.

2017இல் லினக்ஸ் கெர்னல் 4.12உடன் வந்த பிஎஃப்க்யூ என்ற இன்னொரு ஷெட்யூலர் அங்கே அவசரப்படாது. வேறு கோரிக்கைகள் வரிசையில் நின்றாலும், அதே புராசஸ் பக்கத்துச் செக்டரைக் கேட்கும் என்று 8 மில்லிசெகண்ட் வரை டிஸ்க்கைச் சும்மா வைத்திருக்கும். இந்த யோசனையை 2001இலேயே ரைஸ் பல்கலைக்கழகத்தின் சீதாராம் ஐயரும் பீட்டர் ட்ருஷெலும் எழுதிவிட்டார்கள். சும்மா இருந்தால் வேகம் கூடும் என்பதை என் மேனேஜருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

பிஎஃப்க்யூவுக்கு மாற்றுவது எளிது, ரீபூட் தேவையில்லை. அளக்கும் முன் படித்ததை ரேமில் வைத்திருக்கும் பேஜ் கேஷைக் காலி செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரேமின் வேகத்தைத்தான் அளப்பீர்கள். கேட்கும் முன்பே படித்துவைக்கும் ரீட்-அஹெட் அளவை 128 கேபியிலிருந்து 2 எம்பிக்கு உயர்த்தினேன். வரிசையாகப் படிக்கிறவருக்குத்தான் கெர்னல் அதைப் பெருக்கும் என்பதால் டேட்டாபேஸுக்குப் பாதிப்பில்லை.

புராசஸின் டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் ஐயோநைஸ் கட்டளையில், பேக்கப்புக்கு வேறு யாரும் கேட்காதபோது மட்டும் டிஸ்க் கிடைக்கும் ஐடில் வகுப்பைக் கொடுக்கத்தான் யாருக்கும் கை போகும். அந்த வகுப்புக்கு பிஎஃப்க்யூ காத்திருக்கவே செய்யாது. எனவே வழக்கமான பெஸ்ட்-எஃபர்ட் வகுப்பிலேயே முன்னுரிமையில் கடைசிப் படியான 7 கொடுத்தேன். இப்போது பேக்கப் நடக்கும்போதும் குவெரிகள் தொங்குவதில்லை.

சாதனங்களுக்கான அமைப்புகளைத் தானே போடும் யூடெவ் விதியில், ரொட்டேஷனல் மதிப்பு 1 உள்ள, அதாவது சுற்றும் டிஸ்க்குக்கு மட்டும் பிஎஃப்க்யூ பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். ஓஎஸ் இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியில் நகர ஹெட்டே இல்லை; அதற்கு ஷெட்யூலர் 'நன்' (none, எதுவும் இல்லை) என்றே இருக்கட்டும்.